போட்டோ அம்மாவுக்கு ஒரு கார்டு

பாகூர் ஏரிக்கரையிலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் அரிகரன் மாமாவின் ஸ்டூடியோ இருக்கிறது. முன்னால் ஸ்டூடியோ, பின்னால் வீடு. நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான். சுற்று வட்டாரத்துப் பெண்கள் பலர், மீன் குழம்பு கொதிக்கிற வாசனையில் நின்றுதான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மாமா என் அக்கா அமுதத்தின் புருஷன். அக்கா சுனாமியில் கடலோடு போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது ப்ரீத்தி கைக்குழந்தை. அடுத்த வருஷமே வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வள்ளியம்மாள் இரண்டாம் தாரமாக அந்த வீட்டுக்கு வந்தாள். ஆல்பம் போடுவது, வீடியோ வெட்டி ஒட்டுவது எல்லாம் இன்றைக்கு அவள்தான். மாமா கேமராவைத் தூக்குவார், பார்ட்டியிடம் பேசுவார். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் வள்ளியம்மாள். உட்கார்ந்து உட்கார்ந்து இடது குதிகாலில் வலி வந்து, அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பாள். இன்னொரு பழக்கமும் உண்டு. சும்மா நின்று பேசும்போதும் அவளுடைய வலது ஆள்காட்டி விரல் மௌஸின் சக்கரத்தை உருட்டுகிற மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும்.

"அம்மா, கொழம்ப எறக்கறியா, கீழ உருட்டறியா?" என்று ப்ரீத்தி கேலி பண்ணுவாள்.

அந்த 'அம்மா' எனக்கு எப்போதுமே காதில் உறுத்தும். நான் சோரியாங்குப்பத்தில் கரும்பும் நெல்லும் வைக்கிறவன். வாரத்துக்கு ஒருமுறையாவது கீரையோ வாழைக்காயோ எடுத்துக்கொண்டு பாகூர் போவேன். வள்ளியம்மாள் "வாங்க தம்பி" என்று சொம்பில் தண்ணீர் கொடுப்பாள். அவள் பேரில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. அதுதான் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. ஏதாவது ஒரு குறை இருந்திருந்தால் ப்ரீத்தி அவளை அம்மா என்று கூப்பிடும்போது அக்காவுக்கு ஒன்று மிஞ்சியிருக்கும் என்று தோன்றும்.

ஐப்பசியில் நடவு முடிந்து, வரப்பெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு நாள் மதியம் போயிருந்தேன். மாமா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"இன்னா மாமா, ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல தம்பி," என்றாள் வள்ளியம்மாள். தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். "நேத்து அரியாங்குப்பத்துல ஒரு கல்யாணம். சுரேசு எடுத்தது. அத்தப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து சோறு எறங்கல."

சுரேஷ் மாமாவிடம் லைட் பிடிக்க வந்த பையன். லைட் பிடித்து, கேமரா பிடித்து, பிறகு தனியாகப் போய் வில்லியனூரில் கண்ணாடிக் கதவு வைத்து ஸ்டூடியோ திறந்துவிட்டான். அன்றிலிருந்து மாமா வில்லியனூர் வழியாகப் போகும் பேருந்தில் ஏறுவதில்லை.

"கீதாஞ்சலி கல்யாணம் மாமா," என்று ப்ரீத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்கூட காலேஜ்ல படிச்சாள்ல, அவ. அவங்கப்பா கொரோனாவுல செத்துட்டாரு. நேத்து பெரிய ஸ்க்ரீன்ல அவரு வர்றாரு மாமா. கதவத் தொறந்துகினு, வேட்டி சட்டையில. வந்து ரெண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் பண்றாரு. மண்டபமே அழுதுச்சி."

"சட்டையில பாக்கெட்டு இருந்துச்சா? அத்தச் சொல்லு," என்றார் மாமா. "பாக்கெட்டே இல்ல. மொழுமொழுன்னு பொம்பள ஜாக்கெட்டாட்டம். அத்த எவனும் பாக்கல."

"அதான் நீங்க பாத்தீங்களே, போதும்," என்றாள் வள்ளியம்மாள்.

"அவன் கம்ப்யூட்டரு கண்ணாடிப் பொட்டி மச்சான். உள்ள ரோஸ் கலர்ல லைட்டு. ரோட்லேர்ந்து பாத்தாலே தெரியுது. அந்த வெளிச்சத்தப் பாத்தே பார்ட்டி உள்ள பூர்றான். எங்கிட்ட லைட்டு புடிச்ச பையன்."

ப்ரீத்திக்குத் தை மாதத்தில் கல்யாணம் குறித்திருந்தார்கள். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள்: "அப்பா, என் கல்யாணத்துக்குப் போட்டோ அம்மா அந்த மாதிரி வருவாங்களா?"

பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு என் அக்கா போட்டோ அம்மாதான். உள்வாசல் நிலைக்கு மேலே மாலை போட்டு மாட்டியிருக்கும் பெரிய படத்தில், பாலில் முக்கி எடுத்த மாதிரி வெளுத்த நிறத்தோடு அக்கா உட்கார்ந்திருப்பாள்.

வள்ளியம்மாளின் கை ஒரு நொடி நின்றது. பிறகு ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளினாள்.

"உங்கப்பா மிசினு வாங்குனா வருவாங்க," என்றாள்.

அந்தப் படத்தோடு வள்ளியம்மாளுக்கு இருந்த வழக்கு ஊருக்கே தெரியும். மாமாவின் அம்மா உயிரோடு இருந்தவரை வள்ளியம்மாள் நிலையைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கிழவி படத்தைப் பார்த்து, "மூத்தவ மூஞ்சி இருந்தா வெளக்கே வோணாம் இந்த வூட்டுக்கு," என்பாளாம். கீழே நடந்து போகிறவள் கருப்பு. கம்ப்யூட்டர் மேசையில், மௌஸ் பக்கத்தில், நிறம் கூடும் என்று விற்கிற கிரீம் டியூப் ஒன்று எப்போதும் கிடக்கும். நடுவில் கசக்கி, அடியிலிருந்து சுருட்டி. நான் பார்த்தால் அதன்மேல் ஒரு துணியைப் போடுவாள்.

அடுத்த முறை நான் போனபோது, புதுக் கம்ப்யூட்டருக்குப் புதுச்சேரி கடைக்காரர் ஒருவரிடமிருந்து மாமா இரண்டு கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார். எல்லாம் ஒன்று, கார்டு மட்டும் வேறு. ஒன்றில் பதினாறு ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, இன்னொன்றில் முப்பத்திரண்டு ஜிபி. பெரிய கார்டின் விலைக்குப் பழைய டிராக்டர் ஒன்று வாங்கலாம்.

"இந்த ஜிபின்னா இன்னா?" என்று கேட்டேன்.

"கார்டுல இருக்கற மெமரி தம்பி," என்றாள் வள்ளியம்மாள். "அடுப்பு மேட மாதிரின்னு வச்சுக்குங்க. மேட சின்னதா இருந்தா எப்பேர்ப்பட்டவ சமைச்சாலும் பாத்தரத்தத் தரையில வச்சி வச்சி எடுக்கணும். நம்ப வேலைக்குப் பதினாறே தாராளம். ஆல்பத்துக்கு ராம் வோணும், அது ரெண்டுத்துலயும் இருக்கு. வீடியோ வெட்ட நல்ல ப்ராசஸர் வோணும், அதுவும் இருக்கு. இந்தப் பெரிய கார்டு கரண்டத் தின்னும். சாயங்காலம் மோட்டாருங்க ஓட ஆரம்பிச்சா இந்தத் தெருவுல டியூப்லைட்டே கண்ணச் சிமிட்டுது. இதுல அத்தச் சொருகினா வூட்டுல ஃபேன் நிக்கும்."

"சின்ன கார்டுல ஆளு வராது," என்றார் மாமா.

"மூஞ்சி வரும். கையும் காலும் அசையறது கஷ்டம். தம்மாத்தூண்டா பிரிச்சிப் பிரிச்சிப் போட்டா வரும், நாளாவும்."

"அப்ப ஏன்டி வோணான்ற?"

"கரண்டச் சொன்னன்ல."

"கரண்டு." மாமா சிரித்தார். "அமுதம் வரக்கூடாது உனக்கு. அதான் விசயம்."

நான் கீரைக் கட்டின் நாரை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். வள்ளியம்மாள் என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"ஆமா, அதுவுந்தான்," என்றாள். "எனக்கு வயித்தெரிச்சலா இருக்கறதால தெருவுல வோல்டேஜி ஏறிடுமா?"

மாமா எழுந்து முன்பக்கம் போய்விட்டார். ப்ரீத்தி வள்ளியம்மாளின் முதுகில் சாய்ந்துகொண்டாள். "எனக்கு வேணாம்மா, வுடு," என்றாள். "உனக்கு வோணும், எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு வள்ளியம்மாள் மீன் கழுவப் போனாள். இழுபடும் குதிகால் திரைக்கு அந்தாண்டை கேட்டது.

புதுச்சேரிக் கடைக்கு மாமாவும் வள்ளியம்மாளும் நானும் போனோம். மழை விட்டிருந்தது. பேருந்து கிருமாம்பாக்கம் தாண்டியது. மாமா, "சுரேசு பொட்டில எத்தன ஃபேனு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். வள்ளியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடியில் ஒரு கைப்பை இருந்தது.

கடை ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. முதலாளி ஆரோக்கியம் நரைத்த தாடிக்காரர், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். மாமா உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"வில்லியனூர் சுரேசுன்னு ஒருத்தன் உங்ககிட்ட வாங்கினானே. அதுக்கு ஒண்ணு மேல."

"அவரு வந்து, கடலூர்ல ஒருத்தர் வாங்கினாரே அதுக்கு ஒண்ணு மேலன்னாரு," என்றார் ஆரோக்கியம். "வேலை இன்னா வேலைன்னு சொல்லுங்க சார். அதுக்குத்தான மிசினு."

வேலையை வள்ளியம்மாள் சொன்னாள். எத்தனை ஆல்பம், எத்தனை கேமரா, ட்ரோன் வீடியோ உண்டா, பழைய மிஷின் எந்த இடத்தில் நின்றுபோகிறது, எல்லாம். பழைய பெட்டி சூடாகும்போது பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பதையும் சொன்னாள். ஆரோக்கியம் கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு கேட்டார். அதற்குள் மாமா சுவரோரம் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளுக்குப் போய்விட்டார்.

"இந்தக் கண்ணாடிப் பொட்டி இருக்கட்டும். லைட்டு ரோஸ் வோணாம், அது அவங்கிட்ட இருக்கு. பச்சை போடுங்க."

"எந்தக் கலர் வோணுமோ வூட்லயே மாத்திக்கலாம் சார்."

"அப்ப அவனும் பச்சைக்கு மாத்திப்பானா?"

"மாத்திப்பாரு."

மாமாவின் முகம் விழுந்தது. அந்தப் பெட்டியின் கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டு நின்றார்.

பெரிய கார்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார்கள். இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்த மாதிரி, மூன்று விசிறியோடு. வள்ளியம்மாள் ஒரு கையால் தூக்கிப் பார்த்து மறுகையையும் கொடுத்தாள்.

"இதுக்கு முட்டு குடுக்கணும். இல்லன்னா போர்டு வளையும்."

"கம்பி தர்றேம்மா. கேபிளக் கடைசி வரிக்கும் அழுத்திச் சொருவணும், பாதில வுட்டா உருகும்," என்றார் ஆரோக்கியம். "ரெண்டு கார்டும் இங்க ஓடுது. ஒங்க படம் எதனா இருந்தா போட்டே பாத்துடலாம். அப்பறம் எங்கிட்ட வந்து கத்தக் கூடாது."

வள்ளியம்மாள் கைப்பையைத் திறந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள். நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நிலைக்கு மேலே இருந்த படத்தைக் காப்பி பண்ணிக் கொண்டுவந்திருந்தாள்.

முதலில் பதினாறு. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, மெமரி போதவில்லை என்று சிவப்பில் எழுத்து வந்தது. அளவைக் குறைத்துப் போட்டார்கள். அக்காவின் முகம் தீப்பெட்டிப் படம் அளவுக்கு வந்து, கண் மட்டும் ஒருமுறை மூடித் திறந்தது. பிறகு பெரிய கார்டில் போட்டார்கள். டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் திரை முழுவதும் அக்கா வந்துவிட்டாள். முகத்தை மெதுவாகத் திருப்பினாள். எங்களைப் பார்த்தாள். சிரித்தாள்.

மாமா துண்டால் கண்ணை அழுத்திக்கொண்டார். நானும் அழுதுவிடுவேன் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. யாரோ ஒரு சோப்பு விளம்பரக்காரி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வள்ளியம்மாள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எப்டி இருக்கு தம்பி?"

"எங்க அக்கா இந்த நெறம் இல்ல," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. நானே அதை மறந்துதான் இருந்தேன். இருபது வருஷம் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அமுதம் சிவப்பு என்றே ஆகிவிட்டது. என் அம்மாகூடக் கடைசிக் காலத்தில், "என் செவத்தப் பொண்ணு," என்றுதான் அழுதாள். படம் அசையாமல் இருந்தவரை அது அக்காதான். அசைந்ததும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

"எந்த நெறம்?" என்றாள் வள்ளியம்மாள்.

சொல்ல வார்த்தை கிடைக்காமல் கடையைச் சுற்றிப் பார்த்தேன். கருப்புக் கீபோர்டுகள், பழுப்பு அட்டைப்பெட்டிகள், ஆரோக்கியத்தின் முகம். எதுவும் இல்லை. மேசைமேல் மௌஸைப் பிடித்தபடி அவள் கை கிடந்தது.

"இந்தா," என்று அந்தக் கையைக் காட்டினேன். "இதே நெறம்."

அவள் தன் கையைப் பார்த்தாள். அது வேறு யாருடையதோ என்பதுபோலத் திருப்பிப் பார்த்தாள்.

"செத்தவங்க படத்துக்குக் கொஞ்சம் கலரு ஏத்தணும்," என்றார் மாமா. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடிதான் பேசினார். "இல்லன்னா பிரிண்டுல இருட்டடிச்சிரும். தொழில்ல எல்லாரும் பண்றதுதான்."

"எவ்ளோ ஏத்தினீங்க?"

"அப்ப கொஞ்சந்தான். அப்பறம் பெருசு பண்ண ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம். நெகட்டிவ்தான் புயல்ல பூட்டுச்சே, ஏத்தின படத்துலேர்ந்துதான திருப்பித் திருப்பி எடுத்தது."

"தெனம் எத்தினி மூஞ்சிய வெளுக்கறேன் நானு," என்றாள் வள்ளியம்மாள். என்னிடமா ஆரோக்கியத்திடமா என்று தெரியவில்லை. "கல்யாணப் பொண்ணுன்னா ரெண்டு வாட்டி. மாமியாக்காரின்னா பவுடரு போட்டாப்ல. இந்தக் கையாலதான். எனக்குத் தோணவே இல்ல பாருங்க." பிறகு மாமா பக்கம் திரும்பினாள். "உங்கம்மா சாவறமுட்டும் சொல்லிச்சே, வெளக்கு வெளக்குன்னு. நீங்க கூடத்துல ஒக்காந்து கேட்டுனு இருந்தீங்க."

"அம்மாவுக்குக் கடைசில கண்ணு சரியா தெரியல வள்ளி."

"படம் தெரிஞ்சிதே."

ஆரோக்கியம் டீக் கோப்பைகளை அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டுத்தான் கேட்டார். "எதும்மா போடறது?"

"பெருசு போடுங்க. கூட ஒரு ஸ்டெபிலைசரும் நல்ல யூபிஎஸ்ஸும் சேத்துப் போடுங்க."

"காலைல வரிக்கும் வோணான்னியே," என்றார் மாமா.

"அந்த மூஞ்சிகூட இருவது வருசம் குடித்தனம் பண்ணிட்டேன். நெசமான மூஞ்சி எப்டி இருந்துச்சின்னு நான் பாக்கணும்." பென்டிரைவைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். "வெளுத்தத திரும்பக் கருக்க வைக்கறது எத்தினி வேலைன்னு உங்களுக்குத் தெரியாது. அதுக்குச் சின்ன கார்டு தாங்காது."

மிஷின் வந்த அன்று மாமா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணேறு படாமலிருக்க ஒரு கருப்புக் கயிற்றையும் கட்டினார். கயிற்றின் நுனி உள்ளே தொங்கி விசிறியில் மாட்டப் பார்த்தது. வள்ளியம்மாள் கத்தரிக்கோலால் நறுக்கி எறிந்தாள். பெட்டியின் கண்ணாடிப் பக்கம் ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று மாமா மேசையைத் திருப்பிப் போட்டார். அதனால் வள்ளியம்மாள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதாயிற்று. பச்சை வெளிச்சம் சாலை ஈரத்தில் விழுந்தது. சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். மாமாவுக்குச் சோறு இறங்க ஆரம்பித்தது.

கார்த்திகை முழுவதும் வள்ளியம்மாள் திரையில் அக்காவைக் கருப்பாக்கினாள். கன்னத்து எலும்பு எப்படி, புருவம் சேர்ந்திருக்குமா, மச்சம் உண்டா என்று என்னைக் கேட்டுக் கேட்டுச் செய்தாள். எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து அக்காவின் வாக்காளர் அட்டையைக் கொண்டு போய்க் கொடுத்தேன். கட்டைவிரல் அகலத்தில் கருப்பு வெள்ளைப் படம். அதில் உதட்டுக்குக் கீழே மச்சம் இருந்தது. நிலைக்கு மேலே இருந்த படத்தில் அதை மாமா எப்போதோ அழித்திருந்தார். அக்கா சிரித்தால் பல் தெரியாது என்றேன். பல்லை மூடினாள். நிறத்துக்குத் தன் முழங்கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். கிரீம் டியூப்பை நான் பிறகு பார்க்கவில்லை.

ஒருநாள் போனபோது அக்கா திரையில் இருந்தாள். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி. நான் ஸ்டூல் தேடி உட்கார்ந்தேன்.

"வந்துட்டாங்களா?" என்றாள் வள்ளியம்மாள்.

தலையாட்டினேன்.

"அழகா இருந்திருக்காங்க," என்றாள். குரலில் பழைய எரிச்சல் கொஞ்சம் மிச்சமிருந்தது. "வெளுப்பா இருந்தப்ப இவ்ளோ இல்ல. எப்டி நடப்பாங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பனித்திட்டுக் கடற்கரைக்கு மீன் வாங்க அக்காவும் நானும் போனோம். நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பின்னால் வந்தேன். அவள் கூடையோடு மணலில் முன்னே போனாள். அவளை நான் கடைசியாகப் பார்த்தது அந்த முதுகு. பிறகு தண்ணீர். வலைக்கயிறு ஒன்று காலில் சுற்றிக்கொண்டதால் நான் பிழைத்தேன். மாமாவிடம் படம் இருந்தது. ப்ரீத்திக்குப் போட்டோ அம்மா என்ற பெயர் இருந்தது. அந்த நடை எனக்கு மட்டும்தான் இருந்தது. யாருக்கும் அதைச் சொன்னதில்லை.

"வேகமா நடப்பா," என்றேன்.

"நடந்து காட்டுங்க."

பின்னணியை மாற்றுவதற்காக ஸ்டூடியோவில் கட்டியிருந்த பச்சைத் துணிக்கு முன்னால் நடந்தேன். ப்ரீத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, நீ வரப்புல சாரைப் பாம்பத் தாண்டறாப்ல போற."

யாராவது ஒருத்தி நடந்து காட்டினால்தான், அந்த உடம்பின்மேல் அக்காவின் முகத்தை ஒட்ட முடியும் என்றாள் வள்ளியம்மாள். கல்யாணப் பொண்ணு நடக்கக் கூடாது. தெருவில் வேறு யாரையும் கூப்பிட மாமாவுக்கு மனமில்லை, சுரேஷ் காதுக்குப் போய்விடும். கடைசியில் மாமா பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி அக்காவின் அரக்குக் கூறைப்புடவையை எடுத்தார். அந்தப் பெட்டியை இருபது வருஷத்தில் வள்ளியம்மாளைத் தொடவிட்டதில்லை. நாப்தலின் உருண்டைகள் தரையில் ஓடின.

அவள் கட்டிக்கொண்டு வந்தாள். மாமா கேமராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். பச்சைத் துணிக்கு முன்னால் நடந்து வந்து, நின்று, இரண்டு கையையும் தூக்கினாள். நான் திரைக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்று பார்த்தேன். என் அக்காவின் புடவை போய்க்கொண்டிருந்தது.

தை மாதம். கதிர் அடித்த வைக்கோல் சாலையெல்லாம் கிடந்தது. பாகூரிலேயே மண்டபம். முந்தின நாள் சாயங்கால வரவேற்பில்தான் அக்கா வருவதாக ஏற்பாடு. மண்டபத்து மின்சாரத்தை நம்பாமல் ஜெனரேட்டர் வைத்து, மிஷினையே தூக்கி வந்து மேடைக்குப் பக்கத்து மறைப்பில் வைத்திருந்தார்கள். வள்ளியம்மாள் பட்டுப்புடவையோடு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, மேல வா. வேற யாராவது அமுக்கட்டும்," என்று ப்ரீத்தி மாலையோடு இறங்கி வந்து கூப்பிட்டாள்.

"அவங்க வர்றப்ப நான் அங்க நின்னா நல்லாருக்காது. போ, தலை கலையுது."

சுரேஷ் வந்திருந்தான். மாமாவே நேரில் போய்ப் பத்திரிகை வைத்திருந்தார். அவனை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, அவன் முகம் தெரிகிற மாதிரி ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு கதவு திறந்தது. அரக்குப் புடவையில், உதட்டுக்குக் கீழே மச்சத்தோடு, என் அக்கா வந்தாள்.

மண்டபம் பேச்சடங்கியது. பிறகு என் பின்னாலிருந்து ஒரு குரல், "அமுதம் செவப்பால்ல இருப்பா," என்றது. "மிசினு கருத்துடுச்சிம்மா," என்றது இன்னொன்று. அவர்கள் அக்காவோடு நாற்று நட்டவர்கள்.

அக்கா நடந்து வந்தாள். இடது குதிகால் மெல்ல இழுபட்டது. நின்று ஒரு கணம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தாள். கையைத் தூக்கினாள். அட்சதை திரையிலேயே உதிர்ந்தது. கையை இறக்கிப் பக்கத்தில் தொங்கவிட்டபோது, கம்ப்யூட்டரையே கண்ணால் பார்க்காமல் போன என் அக்காவின் வலது ஆள்காட்டி விரல், இல்லாத ஒரு சக்கரத்தை மேலும் கீழும் உருட்டியது.

மேடையில் ப்ரீத்தி அதுவரை அழுதுகொண்டிருந்தாள். விரலைப் பார்த்ததும் அவளுக்கு மூக்கில் சிரிப்பு வந்துவிட்டது. என்னைத் தேடிப் பார்த்து, தன் விரலை அதேபோல் ஆட்டிக் காட்டினாள். பிறகு திரையைவிட்டுத் திரும்பி மறைப்புப் பக்கம் பார்த்தாள். அங்கே பச்சை வெளிச்சத்தில் ஒரு தலை மட்டும் தெரிந்தது. கும்பிட வேண்டிய நேரம் வந்தபோது மாப்பிள்ளை திரையைப் பார்த்துக் கும்பிட்டான். ப்ரீத்தி அந்தத் தலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மாமா ஒன்றையும் பார்க்கவில்லை. சுரேஷின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குப் போட்டதும் அவன் எழுந்து வந்தான்.

"அண்ணே, கலரு கொஞ்சம் டல்லடிச்சிப் போச்சே. கார்டு எத்தினி ஜிபி?"

"முப்பத்திரெண்டு."

சுரேஷ் மறைப்புப் பக்கம் எட்டிப் பார்த்தான். "நான் இருபத்திநாலுதான் வச்சிருக்கேன்," என்றான்.

"சாப்டுட்டுப் போ," என்றார் மாமா. அன்று இரண்டு பந்தியிலும் அவரே நின்று பாயசம் ஊற்றினார்.

இப்போது நிலைக்கு மேலே கருப்பு அமுதம்தான் மாலையோடு இருக்கிறாள். வள்ளியம்மாள் பிரிண்ட் போட்டு மாட்டியது. பழைய படம் எங்கே என்று நான் கேட்கவில்லை. ப்ரீத்தி திண்டிவனத்துக்கு வாழப் போய்விட்டாள். சுரேஷ் புதிதாக ஏதோ கார்டு வாங்கியிருக்கிறான் என்று மாமா மறுபடியும் சோற்றைப் பிசைய ஆரம்பித்திருக்கிறார். நான் வாரம் தவறாமல் கீரை எடுத்துக்கொண்டு போகிறேன். வள்ளியம்மாள், "வாங்க தம்பி," என்று தண்ணீர் கொடுக்கிறாள்.

அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வரப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, பனித்திட்டு மணலை நினைத்துக்கொள்வேன். அது என்னிடம் மட்டும் இருந்தது. இப்போதும் அக்கா கூடையோடு எனக்கு முன்னால்தான் போகிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை. இடது குதிகால் மணலில் மெல்ல ஒரு கோடு இழுத்துக்கொண்டு போகிறது. கூடை பிடிக்காத கையில் விரல் ஒன்று மேலும் கீழும் உருள்கிறது.